காட்டுமரங்களில் களஞ்சியம் கண்டவர்

நுழையும்முன்

நாம் உண்ணும் ஒவ்வொரு தானியத்திற்கும் கனிக்கும் காட்டில் ஒரு மூதாதை உண்டு. அம்மூதாதை இன்றும் எங்கோ ஒரு மலைச்சரிவில், எவரும் நீர் பாய்ச்சாமலும் உரமிடாமலும் வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும். வயலில் விளையும் பயிரைப் பிணி தாக்கும்போது அதற்கு மருந்தாக அமையும் பண்பு அந்தக் காட்டு உறவினத்திடம் இருக்கலாம். இவ்வுண்மையை உணர்ந்து, ஐந்து கண்டங்களிலும் அலைந்து விதை திரட்டியவர் உருசிய அறிவியலாளர் நிகோலாய் வாவிலோவ். உலகின் பசியைப் போக்க முயன்ற அவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வணிகரின் மகன்

நிகோலாய் இவானோவிச் வாவிலோவ் 1887ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் மாஸ்கோவில் பிறந்தார். அவருடைய தந்தையார் உழவர் குடும்பத்தில் தோன்றியவர். சிறுவனாக நகரத்திற்கு வந்து கடையில் ஏவல் வேலை செய்து, பின்னர்த் தம் உழைப்பால் துணி வணிகராக உயர்ந்தவர். வீட்டில் உணவுக்குக் குறையில்லை. ஆயினும் அக்கால உருசிய நாட்டில் விளைச்சல் பொய்ப்பதும் ஊர்கள் பட்டினியில் வாடுவதும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தன. வாவிலோவ் நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது வோல்கா ஆற்றுப் பகுதியைப் பெரும்பஞ்சம் ஒன்று வாட்டியது. ஆண்டு முழுதும் பாடுபட்டும் ஒரே பருவத்தின் வறட்சியால் உழவர்கள் அனைத்தையும் இழந்த காலம் அது.

மகன்கள் வணிகத்தில் ஈடுபட வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அதனால் நிகோலாயை வணிகப் பள்ளியில் சேர்த்தார். ஆனால், மூத்த மகன் நிகோலாய் செடிகொடிகளை நாடினார். இளைய மகன் செர்கேய் இயற்பியலை நாடினார். செர்கேய் பிற்காலத்தில் சோவியத்து அறிவியல் கழகத்தின் தலைவராக உயர்ந்தார். நிகோலாய் 1906ஆம் ஆண்டு மாஸ்கோ வேளாண் கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். வயல்களையும் தோட்டங்களையும் அழிக்கும் ஓடில்லா நத்தைகளைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றார். அங்கே மண்ணையும் பயிரின் ஊட்டத்தையும் கற்பித்த பேராசிரியர் பிரியானிஷ்னிகோவ், தம் மாணவரின் திறத்தைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார். இந்த ஆசிரியரைப் பின்னர் ஓர் இக்கட்டான சூழலில் மீண்டும் சந்திப்போம்.

நோய் தாங்கும் செடிகள்

கல்வி முடித்த வாவிலோவின் மனத்தை ஒரு வினா ஆட்கொண்டது. ஒரே வயலில், ஒரே மண்ணில், ஒரே மழையில் வளரும் கோதுமைச் செடிகளுள் சில துருநோயால் மடிகின்றன; சில நோய் தீண்டாமல் நிற்கின்றன. இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது? இதற்கு விடை காண அவர் 1913ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்றார். மரபியல் என்னும் அறிவியல் துறைக்குப் பெயர் சூட்டிய வில்லியம் பேட்சனிடம் பயின்றார். கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்டறிந்த மரபு விதிகளை அறிவுலகம் அப்போதுதான் உள்வாங்கத் தொடங்கியிருந்தது.

நோய் தாங்கும் ஆற்றலும் உயரம், நிறம் போன்றே தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும் பண்பு என்பதை வாவிலோவ் தம் ஆய்வுகளால் உணர்ந்தார். அவ்வாறாயின், அப்பண்பு உள்ள செடியைக் கண்டுபிடித்து, நல்ல விளைச்சல் தரும் செடியுடன் கலப்பினம் செய்தால் நோயை வெல்லலாம். ஆனால், அந்தச் செடி எங்கே இருக்கிறது? ஒரே வகைப் பயிரை மட்டும் விதைக்கும் வயலில் அதனைத் தேடிப் பயனில்லை. வகைகள் எங்கே மிகுந்திருக்கின்றனவோ அங்கே தேட வேண்டும். அவருடைய வாழ்நாள் பயணம் இந்தச் சிந்தனையிலிருந்து தொடங்கியது.

வகைமை குறைந்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு முன்பே ஒரு சான்று தந்திருந்தது. அயர்லாந்து நாட்டின் ஏழை மக்கள் உருளைக்கிழங்கின் ஓரிரு வகைகளையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர். 1845ஆம் ஆண்டு ஒருவகைக் கருகல் நோய் அங்குப் பரவியது. எல்லாச் செடிகளும் ஏறத்தாழ ஒரே மரபுடையனவாக இருந்தமையால் நோயைத் தடுத்து நிற்கத்தக்க செடி எதுவும் இல்லை. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மடிந்தனர்.

பயிர்களின் பிறப்பிடம் தேடி

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டு, பாரசீகத்தில் இருந்த உருசியப் படைவீரர்கள் உள்ளூர் மாவில் சுட்ட ரொட்டியை உண்டு மயங்கி விழுந்தனர். காரணம் அறிய வாவிலோவ் அனுப்பப்பட்டார். கோதுமையுடன் கலந்திருந்த நச்சுக் களை ஒன்றே அதற்குக் காரணம் என்று கண்டறிந்தார். அத்துடன் அவர் திரும்பிவிடவில்லை. பாமீர் மலைகளின் மீது ஏறினார். அடிவாரத்துக் கோதுமை வயல்களில் ரை என்னும் புல்வகை களையாக முளைத்திருந்தது. மேலே செல்லச் செல்லக் குளிர் மிகுந்து, கோதுமை மெலிந்தது, ரை செழித்தது. இன்னும் உயரத்தில் உழவர்கள் ரையையே பயிராக விளைவித்தனர். களையாக இருந்த ஒன்று பயிராக மாறும் வழியை அந்த மலைப்பாதையில் அவர் நேரில் கண்டார்.

1917ஆம் ஆண்டு சராட்டோவ் நகரில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1920ஆம் ஆண்டு அதே நகரில் கூடிய பயிர் வல்லுநர் மாநாட்டில், நெருங்கிய உறவுடைய தாவர இனங்களில் ஒத்த மாறுபாடுகள் வரிசையாகத் தோன்றும் என்னும் தம் கோட்பாட்டை வெளியிட்டார். ஓரினத்தில் காணப்படும் பண்பு இன்னும் கண்டறியப்படாத உறவினத்திலும் இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே உரைக்க அது வழிவகுத்தது. அதன்பின் பெத்ரோகிராடு நகரின் பயன்பாட்டுத் தாவரவியல் நிறுவனத்திற்குத் தலைமையேற்றார். 1921ஆம் ஆண்டு வோல்கா பகுதியில் மீண்டும் கொடும்பஞ்சம் வந்தது. விதை இன்றி உழவு இல்லை. உழவு இன்றி உணவு இல்லை. வாவிலோவ் விதை திரட்டும் பணியைத் தம் கடமையாக ஏற்றார்.

1924ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானத்தின் கரடுமுரடான பாதைகளில் ஏறத்தாழ 5000 கிலோமீட்டர் பயணம் செய்தார். பின்னர் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் எத்தியோப்பியாவிலும் விதை சேர்த்தார். சந்தைகளில் தானியங்களைப் பிடிபிடியாக வாங்கினார்; கதிர்களை வேரோடு எடுத்துப் பதப்படுத்தினார்; உழவர்களோடு அமர்ந்து அவர்கள் மொழியில் உரையாட முயன்றார். நாள்தோறும் சில மணி நேரமே உறங்கினார். 1926ஆம் ஆண்டு பயிர்த்தாவரங்களின் தோற்ற மையங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஒரு பயிரின் வகைகள் எந்த நிலப்பகுதியில் மிகுதியாகச் செறிந்துள்ளனவோ, அப்பகுதியே அப்பயிரின் பிறப்பிடமாக இருத்தல் கூடும் என்பது அந்நூலின் கருத்து. அத்தகைய மையங்கள் பெரும்பாலும் மலைநாடுகளிலேயே அமைந்திருந்தன. நெல், கத்தரி, மா முதலியவற்றின் தாயகமாக நம் நாட்டையும் அவர் பிற்காலத்தில் அம்மையங்களுள் ஒன்றாக வைத்தார். வகைமை செறிந்த இடமெல்லாம் பிறப்பிடம் ஆகாது என்று பின்வந்த அறிஞர்கள் அவர் கோட்பாட்டைத் திருத்தியுள்ளனர். எனினும், அவர் வரைந்த நிலப்படமே இன்றைய ஆய்வுகளுக்கும் அடித்தளமாக விளங்குகிறது.

ஆப்பிள் மரங்களின் காடு

1929ஆம் ஆண்டு வாவிலோவ் மேற்குச் சீனத்தின் காஷ்கர் முதலிய பகுதிகளை ஆராய்ந்தார். அங்கிருந்து தியான்ஷான் மலைத்தொடரைக் குதிரையில் கடந்து கசாக் நாட்டின் அல்மா-அட்டா நகரை நோக்கி இறங்கினார். இன்று அல்மாட்டி எனப்படும் அந்நகரின் பெயரில் உள்ள அல்மா என்னும் சொல் ஆப்பிளைக் குறிக்கும். நகரைச் சூழ்ந்த மலையடிவாரம் முழுவதும் அவர் கண்டது காட்டு ஆப்பிள் மரங்களின் பரப்பு. எவரும் நடாத, எவரும் வேலியிடாத காடு அது.

ஆப்பிள் மரம் காட்டில் இருந்தது மட்டும் அவருக்கு வியப்பளிக்கவில்லை. அம்மரங்களுள் ஒன்று மற்றொன்றைப் போல இல்லை என்பதே அவரை நிறுத்தியது. சில மரங்களின் கனிகள் சிறியவை, சில பெரியவை. சில பச்சை, சில மஞ்சள், சில செந்நிறம். சில நாவைச் சுருக்கும் துவர்ப்பு. சில தேனனைய இனிப்பு. சில மரங்களின் கனிகள் அப்படியே தோட்டத்திற்கு மாற்றி வளர்க்கும் அளவிற்குப் பருமனும் சுவையும் கொண்டிருந்தன. உலகமெங்கும் உண்ணப்படும் ஆப்பிளின் தாயகம் இம்மலைகளே என்னும் முடிவிற்கு அவர் வந்தார்.

ஒரே காட்டில் இத்தனை வேறுபாடு தோன்றுவதற்குக் காரணம் ஆப்பிளின் இயல்பிலேயே அமைந்துள்ளது. ஓர் ஆப்பிள் மரத்தின் பூ பொதுவாகத் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. வேறு மரபுடைய மற்றொரு மரத்தின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவர வேண்டும். எனவே, ஒரு கனிக்குள் இருக்கும் விதைகள் ஒவ்வொன்றும் புதிய மரபணுச் சேர்க்கை உடையவை. ஐந்து விதைகளை நட்டால் ஐந்து வேறு மரங்கள் முளைக்கும். அவற்றுள் ஒன்றுகூடத் தாய்மரத்தை முழுவதும் ஒத்திராது. கரடியும் மானும் குதிரையும் கனிகளைத் தின்று விதைகளைத் தொலைவில் இடுகின்றன. பனி, வறட்சி, பூஞ்சை, பூச்சி ஆகியவை வலிமை குன்றியவற்றை நீக்குகின்றன. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகளாக நடைபெற்ற தேர்வின் விளைவே அந்தக் காடு. இவ்வேறுபாடுகளின் தொகுதியை மரபணுப் பன்முகத்தன்மை என அறிவியல் குறிப்பிடுகிறது.

தோட்டத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. சுவைமிக்க ஓர் ஆப்பிள் மரத்தைப் பெருக்க விரும்புவோர் அதன் விதையை நடுவதில்லை. கிளையை வெட்டி வேறொரு வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டுகின்றனர். அதனால் ஆயிரம் மரங்கள் நிற்கும் ஒரு தோட்டம் மரபின்படி ஒரே மரமாகவும் இருக்கலாம். கனி மாறாமல் கிடைக்கும். சந்தைக்கு அது வசதி. ஆனால், நோய்க்கிருமிகள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே வருகின்றன. ஒட்டுமரமோ மாறுவதில்லை. ஒன்றை வீழ்த்தும் கிருமி அனைத்தையும் வீழ்த்தும். அந்நிலையில் தோட்டக்காரர் புதிய ஆற்றலைத் தேடிக் காட்டிற்கே செல்ல வேண்டியிருக்கும்.

உழவர் வெட்டாமல் விட்ட மரங்கள்

காட்டு மரம் எவ்வாறு தோட்டத்திற்கு வந்தது? இவ்வினாவுக்கும் வாவிலோவ் நிலத்திலேயே விடை கண்டார். காக்கேசிய மலைநாட்டு உழவர்கள் காட்டைத் திருத்தித் தானியம் விதைத்தபோது எல்லா மரங்களையும் வெட்டிவிடவில்லை. நல்ல கனி தரும் ஆப்பிள், பேரி முதலிய மரங்களை வயல் நடுவே அப்படியே விட்டுவைத்தனர். கோதுமைக் கதிர்களுக்கிடையே காட்டு மரங்கள் நிழல் பரப்பி நின்றன. அடுத்த நிலையில், சிறந்த மரத்தின் கிளையை மற்றொரு காட்டு மரத்தின்மேல் ஒட்டுக்கட்டினர். அதற்கடுத்த நிலையில், வீட்டருகே வேலியிட்டு நட்டனர். காடு, மரங்கள் நிற்கும் வயல், தோட்டம் என்னும் மூன்று நிலைகளையும் ஒரே வட்டாரத்தில் அவர் அருகருகே கண்டார்.

1930ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பன்னாட்டுத் தோட்டக்கலை மாநாட்டில், துருக்கிஸ்தானம், காக்கேசியம் ஆகிய பகுதிகளின் காட்டுக் கனிமரங்களைப் பற்றித் தம் ஆய்வை வழங்கினார். மரங்களையும் பயிர்களையும் ஒரே நிலத்தில் இணைத்து வளர்ப்பதை இன்று வேளாண்காடு வளர்ப்பு என்கிறோம். அப்பெயர் வழக்கிற்கு வரும் முன்பே, காட்டு மரத்தை வளர்ப்பு மரமாக்கிய பெருமை பெயர் தெரியாத உழவர்களுக்கு உரியது என்பதை வாவிலோவின் ஆய்வு காட்டியது. அவ்வுழவர்களின் தேர்வுக்கு அடிப்படையாக நின்றது காட்டின் பன்முகத்தன்மை. எல்லா மரங்களும் ஒன்றுபோல் இருந்திருந்தால் எதை விடுவது, எதை வெட்டுவது என்னும் தேர்வுக்கே இடம் இருந்திராது.

பொறுமையும் அவசரமும்

1930ஆம் ஆண்டளவில் வாவிலோவ் புகழின் உச்சியில் இருந்தார். வேளாண் அறிவியல் கழகத்தின் முதல் தலைவராகவும், மரபியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கினார். அவரும் அவருடைய உடன்பணியாளர்களும் திரட்டிய விதைகளும் செடிகளும் லெனின்கிராடு நிறுவனத்தில் குவிந்தன. 1940ஆம் ஆண்டளவில் அத்தொகுப்பு இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அது அக்கால உலகின் மிகப்பெரிய விதைத் தொகுப்பு.

ஆனால், நாட்டின் சூழல் மாறிக்கொண்டிருந்தது. உழவர்களின் நிலங்கள் கூட்டுப் பண்ணைகளாக வலிந்து இணைக்கப்பட்டன. 1932, 1933ஆம் ஆண்டுகளில் மீண்டும் பெரும்பஞ்சம் தாக்கியது. புதிய கோதுமை வகையை உருவாக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும் என்பது அறிவியல் கூறிய கணக்கு. நான்கே ஆண்டுகளில் வேண்டும் என்பது அரசின் ஆணை. இச்சூழலில் திரோஃபிம் லைசென்கோ என்பவர் முன்வந்தார். விதைகளைக் குளிரூட்டி விதைத்தால் விளைச்சல் பெருகும் என்றார். மரபணு என்பதே கற்பனை என்றார். சூழலை மாற்றிப் பயிரின் மரபையே விரைவில் மாற்றிவிடலாம் என்றார். அவர் கூற்றுகளுக்கு முறையான சோதனைச் சான்றுகள் இல்லை. எனினும், அவசரத்தில் இருந்த ஆட்சியாளர்களுக்கு அவருடைய வாக்குறுதி இனித்தது. ஸ்டாலினின் ஆதரவு அவருக்குக் கிட்டியது.

வாவிலோவ் தொடக்கத்தில் லைசென்கோவின் குளிரூட்டும் முறையை ஆர்வத்துடன் வரவேற்றவர். அதனைச் சோதித்துப் பார்க்கவும் ஊக்கமளித்தார். சான்றுகள் ஒத்துவராதபோது தம் நிலைப்பாட்டை வெளிப்படையாக எடுத்துரைத்தார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1935ஆம் ஆண்டு கழகத் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். 1938ஆம் ஆண்டு அப்பதவி லைசென்கோவுக்கு வழங்கப்பட்டது. 1939ஆம் ஆண்டு எடின்பரோவில் கூடிய பன்னாட்டு மரபியல் மாநாடு வாவிலோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவர் நாட்டைவிட்டு வெளியே செல்ல இசைவு கிட்டவில்லை. மேடையில் அவருக்குரிய இருக்கையில் அவர் அமரவில்லை. நண்பர்கள் பலர் கைது செய்யப்பட்டனர். தமக்கும் அந்நிலை வரும் என்பதை அறிந்தும் அவர் மரபியலை மறுத்துரைக்கவில்லை.

சிறையில் அடைபட்ட வாழ்வு

1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், மேற்கு உக்ரைனில் செர்னோவித்சி நகரை அடுத்த பகுதியில் செடிகள் திரட்டிக்கொண்டிருந்த வாவிலோவைக் காவலர் அழைத்துச் சென்றனர். அதுவே அவருடைய கடைசிக் களப்பயணம். வேளாண்மையைச் சீர்குலைத்தார், வேற்று நாட்டுக்கு உளவு பார்த்தார் என்று குற்றம் சாட்டப்பட்டது. மாதக்கணக்கில் இரவும் பகலும் விசாரணை தொடர்ந்தது. 1941ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது.

செருமானியப் படை மாஸ்கோவை நெருங்கியபோது அவரைச் சராட்டோவ் சிறைக்கு மாற்றினர். ஒரு காலத்தில் பேராசிரியராக மாணவர் சூழ நடந்த அதே நகரம் அது. நிலத்தடிச் சிறையறையில் உடனிருந்த கைதிகளுக்கு அவர் தாவரங்களைப் பற்றியும் மரபியலைப் பற்றியும் விரிவுரை நிகழ்த்தினார். உலக வேளாண்மையின் வரலாற்றைக் குறித்துச் சிறையில் ஒரு நூலும் எழுதினார். அந்தக் கையெழுத்துப்படி அழிந்துவிட்டது. அவருடைய மனைவி எலேனா பருலினாவும் பயறுவகைகளை ஆராய்ந்த அறிவியலாளரே. போர்க்காலத்தில் அவரும் மகன் யூரியும் சராட்டோவிலேயே வறுமையில் வாழ்ந்தனர். கணவர் மாஸ்கோச் சிறையில் இருப்பதாக எண்ணி, தமக்கே போதாத உணவிலிருந்து மிச்சப்படுத்திப் பொதிகளை அங்கே அனுப்பினார். கணவர் அதே நகரில், நடந்து செல்லும் தொலைவில் பசித்திருந்தார் என்பது அவருக்குத் தெரியாது.

முதிய ஆசிரியர் பிரியானிஷ்னிகோவ் அஞ்சி ஒதுங்கவில்லை. தம் மாணவரை விடுவிக்குமாறு அதிகாரத்தின் உச்சியில் இருந்தோரிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டார். சிறையில் இருந்தவரின் பெயரை நாட்டின் உயரிய பரிசுக்கே பரிந்துரைத்தார். அக்காலத்தில் அது உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடிய செயல். 1942ஆம் ஆண்டு மரணதண்டனை இருபது ஆண்டுச் சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. ஆனால், உடல் ஏற்கெனவே நலிந்துவிட்டது. 1943ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், தம் 55ஆம் அகவையில், ஊட்டமின்றி மெலிந்து வாவிலோவ் உயிர் நீத்தார். பொதுப் புதைகுழி ஒன்றில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. மனிதகுலத்தின் பசியைப் போக்க உலகைச் சுற்றியவரின் உயிரைப் பசியே பறித்தது.

முற்றுகைக்குள் விதைகள்

வாவிலோவ் சிறையில் இருந்தபோது, அவர் திரட்டிய விதைகள் மற்றொரு சோதனையைச் சந்தித்தன. 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் செருமானியப் படை லெனின்கிராடு நகரை முற்றுகையிட்டது. 872 நாள் நீடித்த அம்முற்றுகையில் இலட்சக்கணக்கானோர் பசியால் இறந்தனர். கடுங்குளிர் நாள்களில் ஒருவருக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம்.

நகரின் நடுவே இருந்த விதை நிறுவனத்தில் நெல், கோதுமை, மக்காச்சோளம், பயறு, நிலக்கடலை எனத் தொன்தொன்னாக உண்ணத்தக்க பொருள்கள் இருந்தன. பணியாளர்கள் முறைவைத்துக் காவல் காத்தனர். எலிகளை விரட்டினர், திருடரைத் தடுத்தனர், குளிரில் கிழங்குகள் உறைந்துபோகாமல் இருக்கக் கிடைத்த மரத்துண்டுகளை எரித்தனர். தம் தலைவர் எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்பதையும் அவர்கள் அறியார். நிலக்கடலைத் தொகுப்பின் காவலர் அலெக்சாண்டர் ஷூக்கின் தம் எழுதுமேசையிலேயே பசியால் இறந்தார். நெல் வல்லுநர் திமித்ரி இவானோவ் இறந்தபோது அவர் பொறுப்பில் ஆயிரக்கணக்கான நெல்விதைப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் இருந்தன. இவ்வாறு மேலும் பலர் மடிந்தனர்.

ஒரு பிடி நெல்லை உண்டிருந்தால் ஓருயிர் சில நாள் நீண்டிருக்கும். ஆனால், அந்த ஒரு பிடி நெல் ஒரு மலைக்கிராமத்தில் மட்டும் விளைந்த வகையாக இருக்கலாம். அழிந்தால் மீண்டும் கிட்டாது. போர் முடிந்தபின் நாடு மீண்டும் பயிரிட வேண்டும் என்னும் எண்ணமே அவர்களை உறுதியாக நிற்கச் செய்தது. வாவிலோவ் தம் மாணவர்களுக்குக் கற்பித்தது தாவரவியலை மட்டும் அன்று என்பதற்கு அவர்களின் இறப்பே சான்று.

மீண்ட பெயர்

ஸ்டாலின் மறைந்தபின் 1955ஆம் ஆண்டு வாவிலோவ் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். 1960களின் நடுவில் லைசென்கோவின் செல்வாக்குச் சரிந்தது. அதே பத்தாண்டில் லெனின்கிராடு நிறுவனத்திற்கு வாவிலோவின் பெயர் சூட்டப்பட்டது. இன்று பல நாடுகளில் இயங்கும் விதை வங்கிகள் அவர் காட்டிய வழியில் நடப்பவையே.

எனினும், கனிமரங்களின் பன்முகத்தன்மையை விதைப் பொட்டலத்தில் மட்டும் அடைத்துக் காக்க இயலாது. ஆப்பிளின் விதை தாய்மரத்தை அப்படியே தராது என்பதை முன்பே கண்டோம். ஒரு குறிப்பிட்ட வகையைக் காக்க வேண்டுமாயின் அதனை உயிருள்ள மரமாகவே வளர்க்க வேண்டும். அதற்காக வாவிலோவ் 1926ஆம் ஆண்டு பாவ்லோவ்ஸ்க் என்னுமிடத்தில் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். 2010ஆம் ஆண்டு அந்நிலத்தில் வீடுகள் கட்டத் திட்டமிட்டபோது உலகின் பல பகுதிகளிலிருந்தும் அறிவியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டது.

மரத்தை மரமாகக் காப்பதும் போதாது. தோட்டத்தில் காக்கப்படும் மரம், பறித்த நாளில் இருந்த நிலையிலேயே நிற்கிறது. காட்டில் நிற்கும் மரக்கூட்டமோ புதிய நோயையும் புதிய வறட்சியையும் எதிர்கொண்டு, தலைமுறைதோறும் புதிய மரபணுச் சேர்க்கைகளை உருவாக்குகிறது. எனவே, காடு காடாகவே நிற்க வேண்டும். இக்கருத்தைக் கசாக் அறிவியலாளர் ஐமக் ஜாங்கலியேவ் தம் வாழ்நாள் பணியாக ஏற்றார். வாவிலோவின் காலத்தில் மாணவராக இருந்த அவர், பல்லாண்டுகள் தியான்ஷான் காட்டு ஆப்பிள்களை ஆராய்ந்தார். 1989ஆம் ஆண்டு முதல் அமெரிக்க அறிவியலாளர்கள் அங்கு வந்து விதைகளும் கிளைகளும் திரட்டிச் சென்றனர். அவற்றிலிருந்து வளர்ந்த மரங்களுள் ஆப்பிளைத் தாக்கும் பொருக்கு நோய், கருகல் நோய் ஆகியவற்றைத் தாங்குபவை இருப்பது கண்டறியப்பட்டது. 2010ஆம் ஆண்டு ஆப்பிளின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, வளர்ப்பு ஆப்பிளின் முதன்மை மூதாதை மத்திய ஆசியக் காட்டு ஆப்பிளே என்பது உறுதியாயிற்று. வாவிலோவ் குதிரையின் மேலிருந்து கண்களால் கண்டு கூறியதை, எண்பது ஆண்டுகளுக்குப்பின் ஆய்வகம் வழிமொழிந்தது.

அந்தக் காடு இன்று இடருக்கு உள்ளாகியிருக்கிறது. அல்மாட்டி நகரம் மலையடிவாரத்தை நோக்கி விரிந்தது; வீடுகளுக்காகவும் மேய்ச்சலுக்காகவும் மரங்கள் வெட்டப்பட்டன. எஞ்சிய காட்டு மரங்களின் பூக்களை அருகிலுள்ள தோட்ட ஆப்பிள்களின் மகரந்தமும் வந்தடைகிறது. அதனால் மரம் நிற்கும்போதே அதன் தனி மரபு கரைந்துபோகும் நிலை உண்டாகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இக்காட்டு ஆப்பிள் அழிவாய்ப்புள்ள இனமாக இடம்பெற்றுள்ளது. எஞ்சியவற்றைக் காக்க 1996ஆம் ஆண்டு இலே-அலாத்தாவ், 2010ஆம் ஆண்டு சுங்கார்-அலாத்தாவ் ஆகிய தேசியப் பூங்காக்களைக் கசாக்ஸ்தான் அரசு ஏற்படுத்தியது.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அக்காடுகளில் கனிகள் உதிர்கின்றன. கரடிகள் அவற்றைத் தின்று விதைகளைச் சரிவுகளில் விட்டுச் செல்கின்றன. அடுத்த இளவேனிலில் முன்னர் இருந்திராத புதிய ஆப்பிள் கன்றுகள் முளைக்கின்றன. அவற்றுள் எது நாளைய நோயைத் தாங்கும் என்பதை இன்று எவரும் அறியார். அறியாத அந்த ஒன்றிற்காக அனைத்தையும் காக்க வேண்டும் என்பதே வாவிலோவின் வாழ்வு உணர்த்தும் உண்மை.